தரவுத்தளத்துக்குள்ளேயே இயந்திரக் கற்றல்: எதை உள்ளே வைக்கலாம், எதை வெளியே கொண்டுபோக வேண்டும்

போடிமெட்டு மலைச்சாலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும், மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு வட்டாரங்களின் காய் இந்த இரண்டு மையங்களில் விலை காண்கிறது. தோட்டத்து எடைச்சீட்டு, ஸ்டோரில் (உலர்த்தும் கூடத்தில்) உலர்த்திய கணக்கு, காயின் பருமன், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவு காயின் எடை), லாட் (ஏலத்துக்கு ஒன்றாக வைக்கும் தொகுதி) எண், கிடைத்த விலை என ஒவ்வொரு மூட்டையும் தன் பின்னால் ஒரு கணக்கை விட்டுச் செல்கிறது. தமிழ்நாடு–கேரள எல்லையின் இருபுறமும் உள்ள கடைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் பல இடங்களில் இந்தக் கணக்கு ஓர் உறவுசார் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. பில் போடும் மென்பொருளுக்கு அடியில் இருப்பதால் அதைப் பயன்படுத்துவோரே அதன் பெயரை அறியாமல் இருக்கலாம்.

அண்மைக் காலமாக, தரவுத்தளம் தயாரிக்கும் நிறுவனங்கள் பலவும் தங்கள் பொருளுக்குள் செயற்கை நுண்ணறிவு இருப்பதாகச் சொல்லி விற்கின்றன. இங்கே பேசப்படுவது அதன் ஒரு வகையான இயந்திரக் கற்றல், அதாவது பழைய தரவிலிருந்து கணிக்கும் முறையைக் கணினியே கற்பது. இதைக் கேட்பவருக்கு மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு. பழைய கணக்கு மென்பொருளே விலையைக் கணிக்கத் தொடங்கிவிடுமா? பைத்தான் என்னும் நிரல்மொழி கற்ற ஆள் இனித் தேவையில்லையா? எல்லாக் கணக்கையும் ஒரே சர்வரில் ஓட்டினால் பில் போடும் வேலை நின்றுவிடாதா? இவற்றுக்கு விடை காண, ‘உள்ளே’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது, ஓர் ஏலக்காய்க் கடை தன் சொந்தக் கணக்குக்காக வைத்திருக்கும் தரவுத்தளத்தையே. ஏல மையத்தின் கணினி அமைப்பை அல்ல.

உறவுசார் தரவுத்தளம்: அடிப்படை

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையே இந்த வகைத் தரவுத்தளத்தின் தொடக்கம். தரவு அட்டவணைகளாக இருக்கும். ஒரு நிகழ்வு அல்லது ஒரு பொருள் ஒரு வரிசை. அதன் ஒவ்வொரு தன்மையும் ஒரு பத்தி. விவசாயிகள் ஓர் அட்டவணையிலும் லாட்டுகள் இன்னோர் அட்டவணையிலும் இருக்க, இரண்டையும் விவசாயி எண் இணைக்கும். எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியில் என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அதை எந்த வழியில் தேடி எடுப்பது என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்யும்.

பின்னால் வரும் விளக்கத்துக்கு இன்னொரு பண்பும் தேவைப்படுகிறது. விவசாயிக்குப் பணம் வரவு வைப்பதும் கடையின் கணக்கில் பற்று எழுதுவதும் ஒரே பரிவர்த்தனையாக அமையும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. தரவுத்தளங்கள் பல பத்தாண்டுகளாக இந்த உறுதிக்காகவே செதுக்கப்பட்டவை. கனத்த கணிதம் அவற்றின் முதல் நோக்கமாக இருந்ததில்லை.

இயந்திரக் கற்றல் என்பது ஒரு வேலையல்ல, மூன்று வேலை

1. தயாரிப்பு. சிதறிக் கிடக்கும் கணக்குகளை இணைத்து, பிழை நீக்கி, கணிப்புக்கு உதவும் கூறுகளாக மாற்றுவது. ‘இந்த விவசாயியின் முந்தைய ஐந்து லாட்டுகளின் சராசரி லிட்டர் வெயிட்’ என்பது அத்தகைய ஒரு கூறு.

2. பயிற்சி. பழைய வரிசைகளைக் கொடுத்து, கூறுகளுக்கும் விடைக்கும் உள்ள உறவை எண்களாகக் கண்டெடுப்பது. அவ்வாறு கிடைக்கும் எண்களின் தொகுப்பே மாடல்.

3. கணிப்பு. புதிதாக வரும் வரிசைக்கு மாடலைப் பொருத்தி விடை பெறுவது.

தரவு அறிவியலில் ஈடுபட்டவர்களின் நேரத்தில் பெரும்பகுதி முதல் வேலைக்கே போகிறது. விளம்பரங்களோ இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுகின்றன. எதை உள்ளே வைப்பது என்ற கேள்விக்கு இந்த மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது என்பதே இந்தக் கட்டுரையின் மையக் கருத்து. தயாரிப்பும் கணிப்பும் பெரும்பாலும் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்க வேண்டியவை. பயிற்சி அப்படியல்ல, எந்தக் கணக்கு முறை என்பதைப் பொறுத்தே அதன் இடம் அமையும்.

‘உள்ளே’ என்ற சொல்லின் நான்கு பொருள்கள்

1. எஸ்.க்யூ.எல். மொழியின் சொந்தக் கருவிகளையே பயன்படுத்துவது. தரவுக்கு மிக நெருங்கிய நேர்கோட்டின் சாய்வையும், அது தொடங்கும் மதிப்பான வெட்டுத்துண்டையும் கணித்துத் தரும் சார்புகள் (ஆயத்தக் கணக்குக் கட்டளைகள்) அம்மொழியின் தரநிலையிலேயே உள்ளன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போன்ற இலவசத் தரவுத்தளத்திலும் கூடுதலாக எதையும் நிறுவாமல் அவை கிடைக்கும்.

2. கற்றல் முறைகளைத் தரவுத்தளத்தின் கூட்டுத்தொகைச் சார்புகள்போல் எழுதிச் சேர்ப்பது. கிரீன்பிளம் நிறுவனமும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி உள்ளிட்ட பல்கலைக்கழகங்களும் தொடங்கிய மேட்லிப் இவ்வகை. அது பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாயிற்று. ஆரக்கிள் தன் மையப்பொறியிலேயே இத்தகைய முறைகளை வைத்துள்ளது. முன்பு தனிக் கட்டணம் கேட்ட அந்த வசதியை 2019 டிசம்பரில் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

3. பைத்தான், ஆர் போன்ற மொழிகளைத் தரவுத்தளத்தின் வாசலிலேயே ஓட்டுவது. இதில் இரு வகை உண்டு. போஸ்ட்கிரெஸில் (போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் சுருக்கப் பெயர்) பிஎல்-பைத்தான் என்னும் வசதியில் எழுதிய பைத்தான் நிரல், தரவுத்தளத்தின் செயல்முறைக்குள்ளேயே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தள நிரலுக்குள்ளேயே, ஓடுகிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2016இல் ஆர் மொழியையும் 2017இல் பைத்தானையும் சேர்த்தபோது, அவற்றை அதே கணினியில் வேறொரு செயல்முறையாகத் தள்ளிவைத்து ஓட்டும் வழியைத் தேர்ந்தது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். அதன் விளைவு பெரிது, கீழே வருகிறது.

4. எஸ்.க்யூ.எல். கட்டளையில் மாடலை உருவாக்கச் சொன்னதும், பின்னணியில் வேறோர் இயந்திரக் கூட்டம் அந்த வேலையைச் செய்வது. கூகுள் 2018இல் அறிவித்த பிக்வெரி எம்எல் இதற்கு எடுத்துக்காட்டு. பயன்படுத்துவோருக்கு இது ‘உள்ளே’ நடப்பதாகத் தெரிந்தாலும், அங்கே பில் போடும் வேலை எதுவும் ஓடுவதில்லை. அது பகுப்பாய்வுக்கென்றே அமைந்த கிடங்கு.

போஸ்ட்கிரெஸில் சேர்க்கும் பிஜிவெக்டர் போன்ற நீட்சிகளையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். வேறெங்கோ ஒரு மாடல் உருவாக்கித் தந்த எண்வரிசைகளைச் சேமித்து, அவற்றுள் ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைத் தேடித் தருவதே அவற்றின் பணி. அவை எதையும் கற்பதில்லை.

ஐந்து கூட்டுத்தொகையில் முடியும் பயிற்சி

சில கற்றல் முறைகள் தரவுத்தளத்துக்கு ஏன் இயல்பாகப் பொருந்துகின்றன என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிற்கும் என்பது தோட்டத்தில் யாவரும் அறிந்தது. பச்சை எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கணிக்க ஒரு நேர்கோடு வேண்டும் என்று கொள்வோம். விளக்கத்துக்காக மூன்று வரிசைகள்: 100 கிலோ பச்சைக்காய்க்கு 19 கிலோ, 200க்கு 42, 300க்கு 62.

இதற்கு ஐந்து எண்கள் மட்டுமே தேவை. வரிசைகளின் எண்ணிக்கை 3. பச்சை எடைகளின் கூட்டுத்தொகை 600. உலர்ந்த எடைகளின் கூட்டுத்தொகை 123. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 28,900. பச்சை எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1,40,000. சாய்வு என்பது (3 × 28,900 − 600 × 123) ஐ (3 × 1,40,000 − 600 × 600) ஆல் வகுத்தது; அதாவது 12,900 ÷ 60,000 = 0.215. வெட்டுத்துண்டு (123 − 0.215 × 600) ÷ 3 = −2. எனவே 250 கிலோ பச்சைக்காய் வந்தால் 51.75 கிலோ எதிர்பார்க்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது விடையை அல்ல, அது கிடைத்த வழியை. மூன்று வரிசைகளானாலும் மூன்று கோடி வரிசைகளானாலும் அட்டவணையை ஒரே ஒருமுறை படித்தால் போதும். ஒரு வரிசையைப் படித்து ஐந்து கூட்டுத்தொகைகளிலும் சேர்த்தபின் அந்த வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. போடிக் கிளையின் வரிசைகளை ஒரு செயல்முறையும் இடுக்கிக் கிளையின் வரிசைகளை இன்னொன்றும் தனித்தனியே கூட்டிவந்தால், இறுதியில் ஐந்தோடு ஐந்தைக் கூட்டிவிடலாம், விடை மாறாது. மாத விற்பனையைக் கூட்டும் அதே பொறிதான் இதையும் செய்கிறது. மேட்லிப் போன்றவை தம் முறைகளை மூன்று சிறு சார்புகளாக, அதாவது ஒரு வரிசையைச் சேர்ப்பது, இரு பகுதித் தொகைகளை இணைப்பது, இறுதி விடையைக் கணிப்பது என எழுதுவதன் காரணம் இதுவே. கூறுகள் பலவாக இருந்தாலும் கூட்டுத்தொகைகளின் எண்ணிக்கை கூடுமே தவிர முறை மாறாது.

பல சுற்று வேண்டும் பயிற்சி, அதனால் வரும் இடர்கள்

எல்லா முறைகளும் இப்படி ஒரே சுற்றில் முடிவதில்லை. ஒரு லாட் குறிப்பிட்ட விலைக்கு மேல் போகுமா போகாதா என்று பிரிக்கும் லாஜிஸ்டிக் முறையும், ஒன்றன்மேல் ஒன்றாக மரங்களை அடுக்கிக் கற்கும் முறைகளும், அடுக்கடுக்கான எண் கணக்குகளால் ஆன நரம்பு வலைகளும் ஒரு தோராய விடையில் தொடங்கி, பிழையைப் பார்த்து, விடையைச் சிறிது திருத்தி, மறுபடியும் தரவைப் படிக்கின்றன. ஒரே அட்டவணை பத்து முறையோ நூறு முறையோ படிக்கப்படும். பில் போடும் அதே சர்வரில் இதை ஓட்டினால் நேரக்கூடியவை இவை.

1. நினைவகம். பிஎல்-பைத்தான் நிரல் தரவுத்தளச் செயல்முறைக்குள்ளேயே ஓடுவதால், அது கேட்கும் நினைவகத்துக்குத் தரவுத்தளத்தின் வரம்புகள் பொருந்துவதில்லை. முழு அட்டவணையையும் நினைவகத்தில் ஏற்றும் நிரல், கணினியின் நினைவகத்தைத் தீர்த்துவிட்டால், லினக்ஸ் அந்தச் செயல்முறையை வலுவில் நிறுத்தக்கூடும். அவ்வாறு ஒரு செயல்முறை செத்தால், எல்லாரும் பகிரும் நினைவகப் பகுதி கெட்டிருக்கலாம் என்ற முன்னெச்சரிக்கையில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லாத் தொடர்புகளையும் துண்டித்துத் தன்னை மீட்டெடுத்துக்கொள்ளும். முடிந்த பரிவர்த்தனைகள் பாதுகாப்பாகவே இருக்கும். ஆனால் ஏல நேரத்தில் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரின் திரையும் அந்தக் கணத்தில் அறுந்துபோகும். ஒருவரின் சோதனை நிரல் முழுக் கடையையும் நிறுத்துவதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. தனிச் செயல்முறையில் ஓட்டும் வழியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

2. பழைய பதிப்புகளின் தேக்கம். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய பதிப்பு உடனே அழிவதில்லை. அதைப் பார்க்க உரிமையுள்ள பரிவர்த்தனை எதுவும் இல்லை என்று உறுதியான பின்னரே வேக்குவம் என்னும் துப்புரவு வேலை அதை நீக்கும். மூன்று மணி நேரம் ஓடும் பயிற்சி ஒரே பரிவர்த்தனையாக இருந்தால், அந்த நேரம் முழுதும் நடக்கும் திருத்தங்களின் பழைய பதிப்புகள் தேங்கும். அட்டவணை வீங்கும், அதன்பின் ஓடும் எளிய தேடலும் மெதுவாகும். காரணம் கண்ணுக்குத் தெரியாததால், கணினி பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதியதை வாங்குவோரும் உண்டு.

3. சேமிப்பின் அமைப்பு. பில் போடும் தரவுத்தளங்கள் ஒரு வரிசையின் எல்லாப் பத்திகளையும் சேர்த்தே வட்டில் வைக்கின்றன. நாற்பது பத்திகளில் மூன்று மட்டும் பயிற்சிக்கு வேண்டுமானாலும் நாற்பதையும் தாங்கிய பக்கங்களையே படிக்க வேண்டும். பத்திவாரியாகச் சேமிக்கும் டக்டிபி போன்ற பகுப்பாய்வுத் தரவுத்தளங்களுக்கு இந்தச் சுமை இல்லை.

4. செலவு. வணிகத் தரவுத்தளங்கள் பலவற்றின் உரிமக் கட்டணம் கணினிச் செயலியின் கருக்களை (கோர்) எண்ணி விதிக்கப்படுகிறது. அந்தக் கருக்களில் நரம்பு வலையைப் பயிற்றுவிப்பது, வேறு கணினியில் அந்தக் கட்டணமின்றிச் செய்யக்கூடிய வேலையைக் கட்டணம் கொடுத்த இடத்தில் செய்வதாகும்.

5. அனுமதி. பிஎல்-பைத்தான் ‘நம்பகமற்ற’ மொழி என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளது. அதில் எழுதிய நிரல், தரவுத்தளத்தை ஓட்டும் பயனரின் உரிமையோடு கோப்புகளைத் திறக்கலாம், வலையில் தொடர்பு கொள்ளலாம். எனவே அதில் சார்பு உருவாக்கும் உரிமை உச்ச அதிகாரம் பெற்ற பயனருக்கு மட்டுமே உண்டு. வாடகைக்குக் கிடைக்கும் தரவுத்தளச் சேவைகள் பலவற்றில் இம்மொழி கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

‘தரவை நகர்த்தாதீர்கள்’ என்ற வாதம் யாருக்குப் பொருந்தும்

உள்ளேயே பயிற்சி செய்யச் சொல்வோர் முன்வைக்கும் முதல் காரணம், தரவை வெளியே கொண்டுபோக ஆகும் நேரம். கணக்கிட்டே பார்க்கலாம். நொடிக்கு 20 மெகாபிட் தரும் இணைப்பில் 10 ஜிகாபைட்டை அனுப்ப 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பல டெராபைட் வைத்திருக்கும் வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். ஆண்டுக்கு 20,000 வரிசை, வரிசைக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு கடையின் ஆண்டுக் கணக்கு 4 மெகாபைட். அதே இணைப்பில் இரண்டு நொடிக்குள் போய்விடும். நகர்த்தும் நேரத்தைக் காட்டி இத்தகைய கடைக்குப் பெரிய பொருளை விற்பது முறையல்ல.

சிறிய அலுவலகத்துக்கு உண்மையான காரணம் வேறு. வெளியே எடுக்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு நகல். விவசாயியின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். அது ஒருவரின் மடிக்கணினியிலும் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் தங்கிவிடும். தரவுத்தளத்தில் திருத்திய பிழை அங்கே திருத்தப்படாது. யார் பார்த்தார் என்ற பதிவும் இருக்காது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவை வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. அதில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடம் தருகிறது. பெயரும் கணக்கு எண்ணும் நீங்கிய கூறுகளை மட்டும் தரவுத்தளத்திலேயே உருவாக்கி, அவற்றை மட்டும் வெளியே அனுப்பினால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

தயாரிப்பு ஏன் உள்ளேயே இருக்க வேண்டும்

எல்லைப் பகுதியின் கணக்குகளில் ஒரே ஊர்ப்பெயர் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கும். நெடுங்கண்டம் மூன்று எழுத்துகளில் இருந்தால், மாடலுக்கு அது மூன்று ஊர். இது கண்ணுக்குத் தெரியும் பிழை. தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ‘போடி’ என்பதில் உள்ள ‘போ’ யூனிகோடில் இரு விதமாகப் பதிவாகலாம்: ஓகார உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாக எழுதுவது ஒன்று, முன்னால் வரும் ஏகாரக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரு குறியெண்களாக எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் வேறு வேறு. ஆகவே தரவுத்தளம் வழக்கமான ஒப்பீட்டில் அவற்றைச் சமமல்ல என்றே சொல்லும். தட்டச்சு மென்பொருள் மாறிய இடங்களில் ஒரே ஊரின் லாட்டுகள் இரண்டாகப் பிரிந்து, இரண்டின் சராசரியும் பிழையாகும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பு, 2020இல், இரு வடிவத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சார்பைச் சேர்த்தது. வரிசை உள்ளே நுழையும் இடத்திலேயே இதைச் செய்துவிட்டால், பில்லுக்கும் மாடலுக்கும் ஒரே ஊர்ப்பெயர் நிற்கும். வெளியே எடுத்தபின் செய்தால், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் செய்ய வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் காலம். நாளைய ஏலத்தில் ஒரு லாட் என்ன விலை பெறும் என்று கணிக்கும் மாடலுக்கு ‘அன்றைய சராசரி விலை’யை ஒரு கூறாகக் கொடுத்தால், பழைய தரவில் மாடல் வியக்கத்தக்க துல்லியம் காட்டும். ஆனால் அன்றைய சராசரி, ஏலம் முடிந்த பின்னரே தெரியும். கணிக்க வேண்டிய லாட்டின் விலையும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறது. விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு அது. இதைத் தரவுக் கசிவு என்பர். ஒரு வரிசைக்கு முன்பின் உள்ள வரிசைகளைக் கொண்டு கணக்கிடும், எஸ்.க்யூ.எல். மொழியின் சாளரச் சார்புகளில் ‘முந்தைய ஐந்து ஏலங்கள், இன்றையது நீங்கலாக’ என்று வரம்பை வெளிப்படையாக எழுத முடியும். அடுத்தவர் படித்துச் சரிபார்க்கவும் முடியும்.

ஆனால் அதுவும் ஒரு நிலைவரைக்கே காக்கும். லாட்டின் தரத்தை முதலில் தவறாகக் குறித்து, ஏலத்துக்குப் பிறகு திருத்தியிருந்தால், அட்டவணையில் இருப்பது திருத்திய மதிப்பு. கணிக்க வேண்டிய நேரத்தில் கையில் இருந்ததோ தவறான மதிப்பு. சாதாரண அட்டவணை இன்றைய நிலையை மட்டுமே அறியும். வரிசையின் பழைய நிலைகளையும் காலக்குறியோடு காக்கும் அட்டவணைகளுக்கு 2011ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநிலை வகை செய்தது, எஸ்.க்யூ.எல். சர்வர் 2016இலும் மரியாடிபி என்னும் தரவுத்தளத்தின் 10.3ஆம் பதிப்பிலும் அவை உண்டு. மற்றவற்றில், திருத்தத்தைப் பழைய வரிசையின்மேல் எழுதாமல் புதிய வரிசையாகச் சேர்க்கும் பழக்கத்தை மென்பொருளில் கொண்டுவர வேண்டும். கணக்குப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, எதிர்ப்பதிவு போட வேண்டும் என்று பழைய கணக்குப்பிள்ளைகள் கடைப்பிடித்த விதி இங்கே அப்படியே பொருந்துகிறது.

கணிப்பு நடக்கும் இடம்

பயிற்சி எங்கே நடந்தாலும், அதன் விளைவான மாடல் பெரும்பாலும் சிறியது. நேர்கோடு என்றால் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்; முடிவு மரம் என்றால் ‘இப்படியானால் அது, இல்லையேல் இது’ என்ற அடுக்கு. இரண்டையும் எஸ்.க்யூ.எல். கோவையாகவே எழுதி, ஒரு பார்வை அட்டவணையில் (பெயரிட்டுச் சேமித்து, அட்டவணைபோலவே படிக்கக்கூடிய வினவலில்) வைத்துவிடலாம். பெரிய மாடல்களுக்கு, அவற்றை இருமக் கோப்பாக ஓர் அட்டவணையில் சேமித்து, வரிசைகளுக்கு நேரடியாகப் பொருத்தும் கட்டளை எஸ்.க்யூ.எல். சர்வர் 2017இலிருந்து இருக்கிறது.

இதனால் வரும் நன்மை, கூறுகளின் வரையறை ஒன்றாகவே இருப்பது. பயிற்சியின்போது பைத்தானில் ஒருவர் எழுதிய சராசரியும், கணிப்பின்போது பில் மென்பொருளில் இன்னொருவர் எழுதிய சராசரியும் சிறிது வேறுபட்டாலும் மாடல் தவறும். எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க நாட்கள் ஆகும். இரண்டுமே ஒரே பார்வை அட்டவணையிலிருந்து படித்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. மாடலின் பதிப்பு எண்ணையும் பயிற்றுவித்த தேதியையும் கணித்த மதிப்பையும் வரிசைகளாக வைத்தால், உண்மை விலை வந்து சேர்ந்ததும் பிழையை ஒரே வினவலில் அளக்கலாம். மழை மாறும் ஆண்டில், அல்லது ஒரு வட்டாரம் ஞள்ளானியிலிருந்து வேறு ரகத்துக்கு மாறும்போது, பிழை கூடத் தொடங்குவது அந்த அட்டவணையில்தான் முதலில் தெரியும்.

நடைமுறையில் ஓர் அமைப்பு

பில் போடும் சர்வரில் தூய்மைப்படுத்தலும் கூறுகளுக்கான பார்வை அட்டவணைகளும் இருக்கும். அதன் நகல் சர்வர் ஒன்று மாற்றங்களைத் தொடர்ந்து பெற்றுவரும். பல சுற்றுப் பயிற்சிக்கான தரவை அங்கிருந்து, பெயர் நீங்கிய கூறுகளாக மட்டும், தனிக் கணினியில் ஓடும் பைத்தான் படித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் மாடல் மட்டும் முதன்மைச் சர்வரின் அட்டவணைக்குத் திரும்பும். ஏனெனில் போஸ்ட்கிரெஸின் நேரடி நகல் சர்வர் படிப்பதற்கு மட்டுமே இடம் தரும், எழுத விடாது.

நகல் சர்வரிலும் ஓர் அமைப்பைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நீண்ட வினவல் அங்கே ஓடும்போது, முதன்மையில் நீக்கப்பட்ட பழைய பதிப்புகளின் செய்தி வந்து சேர்ந்தால், நகல் சர்வர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அந்த வினவலை ரத்து செய்யும். அதைத் தவிர்க்க, ‘இந்தப் பதிப்புகள் எனக்கு இன்னும் தேவை’ என்று முதன்மைக்குத் திருப்பிச் சொல்லும் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் வினவல் பிழைக்கும், ஆனால் முன்பு சொன்ன தேக்கம் முதன்மைச் சர்வருக்கே திரும்பி வரும். பில் போடும் வேலை தடையின்றி நடக்க வேண்டிய கடை அந்த அமைப்பை அணைத்தே வைத்து, கூறுகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஏலமில்லாத இரவு நேரத்தில் எடுத்துக்கொள்வது நல்லது.